முரட்டுத் தாடி, தொட்டாற்சிணுங்கித் தோல்

ஒற்றை பிளேடைக் கழற்றி மாற்றும் சேஃப்டி ரேசர் வாங்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு ஓர் அறிவுரை தயாராக வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் பிழிந்தால் இரண்டு வரிதான் மிஞ்சும்: தாடி முரடா, பிளேடு அதிகம் நீட்டும் முரட்டு ரேசர் வாங்கு, தோல் மென்மையா, பிளேடு கொஞ்சமே நீட்டும் சாது ரேசர் வாங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டால் மட்டும், "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு பாருங்க" என்று நழுவிவிடுகிறார்கள். எதற்கும் எதற்கும் நடுவில்? இந்தக் கேள்வி என்னைப் பல மாதம் விடவில்லை. நம்மவர்களிடையே இது அபூர்வமான முகமும் அல்ல. காலையில் மழித்தது மாலைக்குள் கறுத்துவிடும். கன்னம் சும்மா இருக்கும். கழுத்து மட்டும் சிவந்து, தடித்து, அப்புறம் கறுப்புப் புள்ளிகளாக நிலைத்துவிடும். கோப்பிக்கடையில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் காலருக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாலே ஆள் நம் கட்சியா இல்லையா என்று தெரிந்துவிடும்.

தாடி வைத்துக்கொண்டால் போயிற்று என்பார்கள். வைக்கலாம். நான் வேலை பார்ப்பது பினாங்கின் பாயான் லெப்பாஸில், தூசி நுழையக் கூடாத கிளீன்ரூமில். தலையில் முக்காடு, முகத்தில் மாஸ்க், தாடி இருந்தால் அதற்கு மேல் தனியாக ஓர் உறை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் அந்த உறைக்குள் தாடி அரிக்க ஆரம்பித்தால் கையை உள்ளே விட்டுச் சொறியவும் முடியாது. ஆகவே மழித்தாக வேண்டும். மழித்த கழுத்தோடு பிறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் ஏறினால் ஹெல்மெட் வார் சரியாக இடது தாடையின் கீழே உரசும். அதற்கு மேல் இந்த ஊர் வியர்வை. சவரம் சரியில்லாத நாளில் பாலத்தின் பாதியிலேயே தெரிந்துவிடும்.

முகமூடிக்காக மழிப்பது புதிய கதையும் இல்லை. கிங் கேம்ப் ஜில்லெட் தன் சேஃப்டி ரேசருக்கு 1901ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1904ல் கிடைத்தது. விற்பனை தொடங்கிய 1903ல் போனது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர்களும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளும் வாங்கியது. விஷவாயு முகமூடி முகத்தோடு ஒட்ட வேண்டும், நடுவில் தாடி இருந்தால் ஒட்டாது. தினமும் வீட்டிலேயே தானாக மழித்துக்கொள்ளும் பழக்கத்தோடு அந்தச் சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். (பிளேடு உறைகளில் பல காலம் ஜில்லெட்டின் முகம்தான் அச்சாகியிருந்தது. அதில் அவருக்கு அடர்ந்த மீசை. அதை எடுக்க அவரும் துணியவில்லை போலும்.)

ஐந்து பிளேடும் ஒரு சுருட்டை முடியும்

எனக்கு மீசை முளைத்த காலத்தில் சேஃப்டி ரேசர் என்பது தாத்தாக்களின் சாமான். கடையில் பல பிளேடுகளை ஒரே தலையில் அடைத்த காட்ரிட்ஜ்தான் இருந்தது. இரண்டு பிளேடு 1971ல் வந்தது, மூன்று 1998ல், ஐந்து 2006ல். ஒவ்வொரு முறையும் இன்னும் நெருக்கமான சவரம் என்றுதான் விற்றார்கள். அது பொய்யில்லை. முதல் பிளேடு முடியைப் பிடித்துச் சற்று வெளியே இழுக்கிறது. அது திரும்பி உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனை தோலின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. நேரான, மெல்லிய முடிக்காரர்களுக்கு இது வரம். சுருட்டை முடிக்காரனுக்கு அங்கேதான் வினை. தோலுக்குள் கூராக நறுக்கப்பட்ட முடி வளரும்போது வழி தெரியாமல் பக்கவாட்டில் தோலையே குத்துகிறது. சில முடி வெளியே வந்து, வளைந்து, மறுபடி உள்ளே நுழைகிறது. உடம்பு அதை வெளியிலிருந்து வந்த முள்ளாக நினைத்து வீங்குகிறது. சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று தோல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினச் சிப்பாய்கள் பலர் இதற்காகவே சவர விதியிலிருந்து மருத்துவ விலக்கு வாங்கியிருக்கிறார்கள். முடி சுருண்டிருந்தால் போதும், தோலின் நிறத்தைப் பார்த்தா அது குத்துகிறது?

ஆகவே ஒற்றை பிளேடுக்கு மாறுவதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. ஒரு காட்ரிட்ஜ் விலைக்கு இரட்டை முனை பிளேடு பத்தாவது வாங்கலாம் என்பது கூடுதல் சந்தோஷம். எந்த ரேசர் என்பதில்தான் அந்த இரண்டு வரி அறிவுரை குறுக்கே வந்து நின்றது. தோல்தான் கத்துகிறது, ஆகவே தோலின் பேச்சைக் கேட்போம் என்று சாதுவிலும் சாதுவான ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம், ஊரெல்லாம் புகழும் நல்ல ரேசர்தான். தோலை அழுத்தினாலும் வெட்டாது. முகவாயில் நிற்கிற முடியையும் அதே மரியாதையோடுதான் நடத்தியது. ஒருமுறை ஓட்டினால் கன்னம் போகும். முகவாயும் மேலுதட்டின் ஓரமும் கழுத்தும் அப்படியே நிற்கும். மறுபடி நுரை, மறுபடி ஒரு சுற்று. குறுக்கே ஒன்று, எதிர்த்திசையில் ஒன்று, கை தடவிப் பார்க்கிற இடமெல்லாம் நுரையே இல்லாமல் இன்னும் இரண்டு இழுப்பு. கட்டிகள் குறைந்தன, அது ஒற்றை பிளேடின் புண்ணியம். எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. சாது ரேசரால் மழித்த கழுத்து ஏன் எரிய வேண்டும்?

சுழி

பதில் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கத்து முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. 2009க்குப் பிறகு மலேசியாவில் இந்தியாவிலிருந்து ஆள் எடுக்க வழியில்லாமல் இந்தக் கடைகள் பட்ட பாடு தெரிந்ததுதானே. 2023ல் ஜவுளி, நகை, முடிதிருத்தும் கடைகள் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்றார்கள். நான் போகும் கடையில் இன்னமும் அதே அண்ணன் ஒருவர்தான், ஞாயிற்றுக்கிழமை என்றால் காத்திருக்க வேண்டும். முடி வெட்டத்தான் போனேன். கழுத்தைப் பார்த்தவர், "தம்பி, சவரமும் பண்ணிடவா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கடைச் சவரம் என்றால் அடுத்த மூன்று நாள் கழுத்து என்ன ஆகுமோ என்ற பயம். அதற்குள் நாற்காலி பின்னால் சாய்ந்துவிட்டது.

அவர் உடனே நுரை போடவில்லை. காய்ந்த தாடியில் விரல்களின் பின்புறத்தை வைத்து மேலே, கீழே, காதுப் பக்கம் என்று மெல்லத் தடவிக்கொண்டே போனார். இடது தாடைக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. "இங்க சுழி இருக்கு தம்பி. இந்தப் பக்கம் காத நோக்கிப் போகுது, அந்தப் பக்கம் கீழ போகுது." இத்தனை வருடம் அந்தக் கழுத்தைச் சுமப்பவன் நான். அப்புறம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தார். பிரஷ்ஷால் நுரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், நானே பொறுமை இழக்கும் அளவுக்கு. ஒரு பிளேடை எடுத்து, உறைக் காகிதத்தோடு வளைத்து, 'டக்'கென்று நடுவில் ஒடித்தார். பாதியை ஹோல்டருக்குள் தள்ளினார். அவ்வளவுதான். சேஃப்டி ரேசரில் பிளேடுக்குக் கீழே தோலைக் காக்கும் தடுப்பு அதில் கிடையாது, மூடி கிடையாது. பிளேடின் கூர் முழுக்க வெளியே நிற்கிறது. அறிவுரைக்காரர்களின் கணக்குப்படி இதைவிட முரடான ஆயுதம் சவரத்தில் கிடையாது.

கன்னத்தில் மேலிருந்து கீழே நீளமாக நாலைந்து இழுப்பு. முகவாயில் குட்டிக் குட்டியாக. கழுத்துக்கு வந்ததும் என் தலையைத் திருப்பி, சுழியின் ஒரு பக்கத்தைக் காதை நோக்கி எடுத்தார், கையை மாற்றி மறுபக்கத்தைக் கீழ்நோக்கி எடுத்தார். கன்னத்தில் மட்டும் இன்னொரு முறை நுரை போட்டுக் குறுக்கே ஒரு சுற்று. கழுத்துக்குத் திரும்பவே இல்லை. படிகாரக் கட்டியை நனைத்து ஒரு தேய் தேய்த்தார். வழக்கமாகக் கண்ணில் நீர் வரவைக்கும் படிகாரம் அன்றைக்குச் சில்லென்று மட்டும் இருந்தது.

"கழுத்துல இன்னும் கொஞ்சம் சொரசொரங்குதுண்ணே" என்றேன், தடவிப் பார்த்துவிட்டு.

"இருக்கட்டும். தடவிப் பாக்கறது நீங்க ஒருத்தர்தான்." துண்டை உதறிக்கொண்டே கேட்டார்: "வீட்டுல எதுல எடுக்கறீங்க?"

சொன்னேன். ரொம்ப சாதுவான ரேசர் என்பதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"எத்தன தடவ ஓட்டுவீங்க?"

"மழமழன்னு ஆகற வரைக்கும்."

"முடி மொத தடவதான் இருக்கும் தம்பி. அதுக்கப்புறம் ஓட்டுறது தோலத்தான்."

மறுநாள் காலை பாலத்தில் வார் உரசியது, எதுவும் எரியவில்லை. அண்ணனின் கைத்திறமை அது, முப்பது வருடப் பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். பாதி உண்மை அதுதான். மீதிப் பாதியை ஒதுக்க முடியவில்லை. இருப்பதிலேயே முரடான கருவி, இருப்பதிலேயே அமைதியான கழுத்தைத் தந்திருக்கிறது. அப்படியானால் முரடு, சாது என்று ரேசரின் நெற்றியில் எழுதி ஒட்டுவதில் ஏதோ கோளாறு இருக்கிறது. தோல் எண்ணுவது தன் மீது பிளேடு எத்தனை முறை போயிற்று என்பதை. ஒரு முறைக்கு அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருந்தது என்பது அடுத்த கணக்கு. முரட்டுத் தாடியில் சாது ரேசர் நாலு முறை போனால், அந்தத் தோலுக்கு அது சாது ரேசர் அல்ல.

லோரோங் கூலிட்டில் ஒரு திருகு

இதைச் சோதித்துப் பார்க்க வழி கிடைத்ததும் தற்செயல்தான். சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தை, காலை வேளை. பழைய கைக்கடிகாரங்கள், நாணயங்கள், ஒற்றைக்கால் பொம்மைகள் நடுவில் ஒரு ஜில்லெட் கிடந்தது. கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம். அடியில் திருகினால் மேலே இரண்டு கதவுகள் திறந்து பிளேடுக்கு இடம் விடும். உள்ளே பழைய சோப்பு சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது. தலையின் அடிப்பக்கத்தில் ஹெச்-3 என்று பொறித்திருந்தது. அமெரிக்காவில் செய்த ஜில்லெட்டில் அந்த எழுத்து ஆண்டைக் குறிக்கும், எண் காலாண்டைக் குறிக்கும். 1962, மூன்றாம் காலாண்டு. கடைக்காரத் தவுக்கேயோடு பேரம் பேசி வாங்கிவந்து, வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்ததும் வளையம் சுற்ற ஆரம்பித்தது.

வளையத்தைச் சுற்றினால் மாறுவது பிளேடின் நிலை. இதில் இரண்டு அளவுகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பிளேடுக்கும் கீழே உள்ள தடுப்புக்கும் நடுவே இருப்பது இடைவெளி. மூடியின் ஓரத்தையும் தடுப்பின் ஓரத்தையும் தொட்டு ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டைத் தாண்டி பிளேடு எவ்வளவு நீட்டுகிறது என்பது வெளிநீட்டம். விளம்பரங்களில் பெரும்பாலும் இடைவெளியைத்தான் சொல்வார்கள். தோல் உணர்வது வெளிநீட்டத்தை. கனடாவின் ஹென்சன் ஏஎல்13 ரேசரின் சாது வகையில் அது 0.033 மில்லிமீட்டர்தான். பிளேடின் கனமே 0.1 மில்லிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு.

வளையத்தை 2ல் வைத்தால் பழைய கதைதான்: முகவாயில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும், மதியத்துக்குள் எரியும். 5ல் வைத்துக் கழுத்தில் ஒரே ஒரு முறை, சுழியைப் பார்த்து ஓட்டியபோது எரியவில்லை. அப்படியென்றால் 9ல் இன்னும் நன்றாக இருக்குமே என்று மனசு சொல்லும். இருக்கவில்லை. 8க்கு மேல் போனால் ஒரு முறைக்கே தோல் கிள்ளியது. ஆகவே அறிவுரையைத் தலைகீழாக்கி எல்லோரும் முரட்டு ரேசர் வாங்குங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. கழுத்தில் ஒரு சுற்று, கன்னத்திலும் முகவாயிலும் இரண்டு சுற்று. இதற்குள் வேலையை முடித்துத் தருகிற ரேசர்களில் எது மிகச் சாதுவோ அதுதான் நம் முகத்துக்கு. சோதிக்கும்போது பிளேடு, சோப்பு எதையும் மாற்றக் கூடாது, வளையத்தை மட்டும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

சந்தையில் பழைய ஜில்லெட் கிடைக்கும் என்று எல்லோரும் போய் நிற்க முடியாது. ராக்வெல் 6எஸ்ஸில் ஆறு அளவுகள், பிளேடுக்கு அடியில் மாற்றி வைக்கும் மூன்று தட்டுகளின் இரு பக்கமாக வரும். இடைவெளி 0.2 மில்லிமீட்டரில் தொடங்கி ஏறக்குறைய 0.8 வரை போகும். தன் முகத்தின் எண் எது என்று தெரியாதவருக்கு இது நல்ல வழி. வளையம், தட்டு எதுவும் வேண்டாம் என்றால் ஜெர்மனியின் மெர்க்கூர் 34சி, மூலே ஆர்89 இரண்டும் நடுத்தரத்தை ஒட்டிய சாது. கூரான பிளேடு போட்டால் நம் தாடிக்குத் தாக்குப்பிடிக்கும். அதே மூலேவின் ஆர்41, தடுப்பில் சீப்புப் பல் வைத்தது, முரடுகளின் ராஜா. முதல் ரேசராக அதை வாங்காதீர்கள். சீப்புப் பல் தலைகள் நீண்ட முடிக்குத்தான் பயன்படும். தைப்பூச விரதம் முடித்து தாடியை எடுப்பவருக்கு உதவும், தினமும் மழிப்பவருக்கு அவசியமில்லை. சாய்வு ரேசர் என்று ஒன்றும் இருக்கிறது, மெர்க்கூர் 37சி மாதிரி. பிளேடைச் சற்று முறுக்கிப் பிடிக்கும். வாழைக்காயை நேராக அழுத்தாமல் சாய்த்துச் சீவுவதுபோல முடியை வெட்டுகிறது. நண்பருடையதை வாங்கிப் பார்த்தேன், கன்னத்தில் அருமை. சுழியில் எந்தப் பக்கம் சாய்க்க என்று எனக்குப் பிடிபடவில்லை.

முடியின் பங்கு

ரேசரைப் பற்றி இத்தனை பேசிவிட்டு முரட்டு முடியை யார் பார்ப்பது? பிளேடும் தண்ணீரும்தான். 2020ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது, இருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது என்பது கேள்வி. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கூர் தேய்ந்து உருண்டிருக்கவில்லை, சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது. முடி வளைந்துகொடுத்து, எஃகில் கடினமும் மென்மையும் கலந்து நிற்கிற இடமாகப் பார்த்து விசை விழும்போது அப்படிப் பெயர்கிறது. தாடி முரடாக இருப்பவன் பிளேடில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஜப்பானின் ஃபெதர் இருப்பதில் மிகக் கூரானவற்றில் ஒன்று. மென்மையான தோலுக்குக் கூரான பிளேடு ஆகாது என்று பலர் பயப்படுகிறார்கள். மழுங்கிய பிளேடுதான் முடியைப் பிடித்து இழுக்கும், மறுபடி ஓட்டவும் வைக்கும். நான் ஃபெதரை நடுத்தர ரேசரில்தான் போடுகிறேன். மூன்று சவரத்துக்குப் பிறகு அது சுண்டிய பால் டின்னுக்குள் போய்விடும். டின்னின் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டால் போதும், பிளேடு உள்ளே போகும், வெளியே வராது. குப்பை எடுப்பவர் கையும் பிழைக்கும்.

தண்ணீர் இன்னும் மலிவு. முடி ஈரத்தை உறிஞ்சி ஊதினால் அதை வெட்டத் தேவைப்படும் விசை நன்றாகவே குறைகிறது. அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். அண்ணன் அத்தனை நேரம் பிரஷ்ஷால் தேய்த்தது அதற்குத்தான். குளித்துவிட்டு மழித்தால் வேலை பாதி முடிந்தது. காலை ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் இரவே மழித்துவிடுவது இன்னும் நல்லது, தோல் ஆற ஒரு ராத்திரி கிடைக்கிறது, ஹெல்மெட் வார் வருவதற்குள். விமானத்தில் கைப்பையோடு மட்டும் போகிறவர்கள் ரேசரின் உடலைக் கொண்டுபோகலாம், பிளேடு கூடாது. கோலாலம்பூர் போனால் நான் பிரிக்பீல்ட்ஸில் எந்த மளிகைக் கடையிலாவது ஒரு உறை வாங்கிக்கொள்வேன்.

போன மாதம் அக்கா மகன் பிளேடு இடைவெளிப் பட்டியலோடு வந்து உட்கார்ந்தான். மூன்று ரேசர்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லையாம். பட்டியலை மூடி வைக்கச் சொல்லி, "மாமாவுக்கு உன் கழுத்தைக் காட்டு" என்றேன். விரலின் பின்புறத்தால் தடவிப் பார்த்தேன். சுழி இரண்டு பக்கமும் இருந்தது, என்னுடையதைவிட மோசம். என் பழைய சாது ரேசரை இரவல் தருகிறேன், முகவாயில் எத்தனை முறை ஓட்ட வேண்டியிருக்கிறது என்று பார், இரண்டைத் தாண்டினால் அடுத்த படி வாங்கலாம் என்றேன். வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் ரேசரைத் துடைத்து, அதன் பெட்டியிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தான். முகத்தில் ஒரு வாரத் தாடி வளர்ந்திருந்தது. அவன் வேலையிடத்தில் மாஸ்க் கிடையாது. ட்ரிம்மர் வாங்கிவிட்டானாம்.